நைனா கையில சொல்லிடு

10-2-74, ஞாயிறு. நல்ல வெயில். மகாபலிபுரம் போய் வந்தோம்.
இன்றைய பிழை: வியாழக்கிழமை சுராயா சொன்ன ஒரு சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டேன். 'நைனா' என்றாள். எங்கள் வீட்டு நைனா என்று நினைத்துவிட்டேன். சிறிய பிழைதான்.

இவ்வளவும் எழுதிவிட்டுச் சியாமளா பேனாவை மூடி வைத்தாள். 'சிறிய பிழைதான்' என்பதில் அந்தத் 'தான்' யாரைச் சமாதானப்படுத்த வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு தாளை அடித்து முடித்தால், பிழைகளை அவரவரே வட்டமிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சியாமளா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். டைரியில் முதலில் அன்றைய பிழை, கடைசியில் மறுநாள் வேலை. நடுவில் எழுதுவதில்தான் அவளுக்கு எப்போதும் சந்தேகம். நடந்தது இப்படித்தானா, தன் மேல் குற்றம் இல்லை என்று காட்ட இரண்டு சொல்லைக் கூட்டிவிட்டோமா என்று யோசித்து யோசித்துப் பாதிப் பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிடுவாள். இன்றும் அப்படித்தான் விட்டிருந்தாள்.

பகலில் அவளுக்குச் செங்கல்பட்டு பஜாரில் பஷீருதீனின் ஃபேன்ஸி ஸ்டோரில் வேலை. ரிப்பன், பவுடர், வளையல், சிப்பியில் செய்த கிளிப், இவற்றோடு ஒரு டெலிபோன். சாயங்காலம் இன்ஸ்டிடியூட்டில் பெண்கள் பேட்ச். பஷீருதீனின் தங்கை சுராயாவும் அதே பேட்ச்தான். தங்கை கடையில் உட்காரக் கூடாது, ஆனால் டைப் அடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பது அண்ணனின் சட்டம்.

இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது டைப்ரைட்டர் அல்ல, பழைய மாடல் உடுப்பு. சுராயாவின் அம்மா உலக யுத்தத்துக்கு முன்பு ரங்கூனில் இருந்தவர். அவர் காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியின் சாவி சுராயாவிடம் வந்தது. உள்ளே லேஸ் வைத்த ஜார்ஜெட் புடவைகள், தோளில் பலூன் போல உப்பி நிற்கும் பஃப் கை ரவிக்கைகள், புடவைத் தோளில் குத்திக்கொள்ள முத்துச்சிப்பியில் இழைத்த ஒரு புரூச். ஊர் முழுக்க நைலக்ஸ் புடவையில் பளபளத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பெட்டியைத் திறந்ததும் சியாமளாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத் தானும் ஒரு ரவிக்கை தைத்தாள். இடது கை சரியாக உப்பியது, வலது கை கொஞ்சம் தொங்கியது. "ஒரு பக்கம் காத்து போன பலூன்டி நீ" என்று சுராயா சிரித்தாள். ஆனால் அதைத்தான் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்த உடுப்பில் எங்காவது கிளம்பிவிடுவார்கள். ஒரு மாதம் ரயிலேறி மெட்ராஸ். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலுக்குள் இரண்டு வட்டக் கண்ணாடி கூலிங் கிளாஸ் பொறுக்கி எடுத்தது அப்படி ஒரு நாளில்தான். வேறொரு மாதம் கோயில் ஊர் ஏதாவது ஒன்றில் இறங்கி, கடைத் தெருவில் பன்னீர் சோடா. சுராயா சுண்டுவிரலைத் தனியே தூக்கிப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். "மேடமுங்கன்னா இப்படித்தான்டி குடிப்பாங்க." ஊர் எல்லை தாண்டும் வரை அவள் மேல் வெள்ளைத் துப்பட்டி இருக்கும். தாண்டியதும் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிடுவாள். எங்கே என்று அண்ணன் கேட்டால், "கிளாஸ் பிரெண்டு வூட்டுக்கு." சியாமளா கூடப் போகிறாள் என்றால் அவர் அதற்கு மேல் கேட்க மாட்டார். அந்த நம்பிக்கை சியாமளாவை உறுத்தும். ஆனாலும் அந்த ஒரு ஞாயிறு இல்லாவிட்டால் மற்ற நாட்கள் எல்லாம் ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அடிப்பது போலத்தான்.

தை பிறந்ததும் சுராயாவுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு கோவளம். மாப்பிள்ளைக்கு மகாபலிபுரத்தில் சிப்பிக் கடை. பெண்ணை வந்து பார்த்தவர் மாப்பிள்ளையின் அம்மா மட்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் நிக்காஹுக்கு முன் பார்த்துக்கொள்ளும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை. அண்ணன் அவரை 'மாப்பிள்ளை' என்பார். சுராயா 'கோவளத்துக்காரங்க' என்பாள். சனிக்கிழமை தோறும் போனில் ஆர்டர் கேட்கும் அந்தக் குரல் சியாமளாவுக்கு வெறும் 'சிப்பிக் கடை'. வருகிற புதன்கிழமை பெரியவர்கள் நாள் குறிக்க வருவதாக ஏற்பாடு.

"நாள் குறிச்சிட்டா அப்புறம் யாரு என்னக் கேக்கப் போறாங்க?" என்று சுராயா பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம். மாசத்துல இந்த ஒரு ஞாயித்துக்கிழமை வேணும். டைப்பு பரீட்சை எழுதணும். அதுக்கு அவங்க சரிம்பாங்களா மாட்டாங்களா, அத புதனுக்குள்ள தெரிஞ்சுக்கணும். மாட்டாங்கன்னா அண்ணங்கிட்ட வேணாம்னு சொல்லிடுவேன்."

"சொல்லிடுவியா?"

"சொல்லுவேன். அடி விழுந்தாலும் சொல்லுவேன்."

வியாழக்கிழமை கிளாஸ் முடிந்தபோது கீழே பஷீருதீன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தார். சுராயா ஒரு செருப்பை மாட்டியும் மாட்டாமலும், சியாமளாவின் காதோரம் குனிந்து அவசரமாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை மகாபலிபுரம். கடையாண்டயே போறோம். நேரா பாத்து ரெண்டு வார்த்த பேசிடறேன். நைனா கையில சொல்லிடு, இன்னா? மறந்துடாத."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாடிப்படியில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள்.

அப்பாவிடம் அனுமதி கேட்கச் சொல்வதற்கு எதற்குச் சிரிப்பு என்று சியாமளாவுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் போன முறை மெட்ராஸ் போனபோது வீட்டில் சொல்ல மறந்துவிட்டதால், அவள் நைனா தேவசகாயம் டூட்டி முடிந்தும் வீட்டுக்கு வராமல் ஒவ்வொரு ரயிலாகப் பார்த்துக்கொண்டு ஸ்டேஷனிலேயே நின்றிருந்தார். அவர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவர் பிளாட்பாரத்தில் நின்ற கோலத்தைச் சுராயாவும் பார்த்தாள். அதைத்தான் நினைவுபடுத்துகிறாள் என்று சியாமளா எடுத்துக்கொண்டாள். அவர்கள் தெருவில் எந்த வீட்டிலும் அப்பாவுக்கு நைனா என்றுதான் பெயர். அன்று ராத்திரியே நைனாவிடம் சொல்லியும் விட்டாள்.

சனிக்கிழமை போன் வந்தது. பஷீருதீன் டீ குடிக்க எதிர்ப்பக்கம் போயிருந்தார்.

"சிப்பிக் கடை பேசறேம்மா. இன்னா வேணும் இந்த வாரம்?"

கிளிப்பும் சின்னச் சிமிழும் வேண்டும் என்றாள். அந்தக் குரல் எழுதிக்கொண்டது. பிறகு கொஞ்சம் தயங்கி, "வேற எதுனா சேதி உண்டா?" என்றது.

"ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிச் சியாமளா போனை வைத்தாள்.

ஞாயிறு காலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சுராயா மாம்பழ நிற ஜார்ஜெட்டில் இருந்தாள். தோளில் புரூச். துப்பட்டி பைக்குள் போன பிறகு, முன் சீட்டு அம்மாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"நைனா கையில சொன்னியா?" என்றாள் சுராயா, வெளியே பார்த்துக்கொண்டே.

"சொல்லிட்டேன்டி."

"இன்னா சொன்னாங்க?"

"மொதல்ல ஒண்ணும் சொல்லல. அப்புறம் எத்தினி பேரு போறீங்கன்னாரு. நாம ரெண்டு பேருதான்னேன்."

"ம்."

"வெயில்ல அலையாதீங்க, கொடை எடுத்துக்கினு போங்கன்னாரு."

சுராயாவின் காது சிவந்தது. "கொடையா? அப்படியா சொன்னாங்க?"

"அலைகிட்ட போவாதீங்கன்னாரு. வெளக்கு வெக்கறதுக்குள்ள வூடு வந்து சேந்துடணுமாம்."

"ரொம்பத்தான் அக்கற." சுராயா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "கோவிச்சுக்கலியே? இப்படிக் கெளம்பறோமேன்னு?"

"கோவமா? அவருக்குக் கோவமே வராதுடி."

"உனக்குத் தெரியும். வாரா வாரம் பேசறவளாச்சே."

"வாரா வாரமா?" என்று சியாமளா சிரிக்கத் தொடங்கும்போது, கண்டக்டர் திருக்கழுக்குன்றம் இறங்குகிறவர்களை எழுப்பிவிட்டார். கூடைகளும் பிள்ளைகளும் அவர்கள் மடியை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தச் சந்தடியில் பேச்சு விட்டுப்போயிற்று.

மகாபலிபுரத்தில் இறங்கியதும் சுராயா கடலைப் பார்க்கவில்லை, கோயிலைப் பார்க்கவில்லை. கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு குடையை விரித்தாள். கடற்கரைக்குப் போகும் வழியில் சிப்பிக் கடைகள் வரிசையாக இருந்தன. எது என்று அவளே விசாரித்தாள். சின்னக் கடைதான். வாசலில் சங்கு மாலைகள் தொங்கின. அவற்றின் அடியில் முனியம்மா என்ற நடுத்தர வயதுப் பெண் தரையில் உட்கார்ந்து சிப்பிகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். கல்லாவுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒல்லியான இளைஞர் ஒருவர் எழுந்து நின்றார்.

"வாங்க மேடம். உள்ள வந்து பாருங்க. பாக்கறதுக்குக் காசு இல்ல."

அந்தக் குரலைச் சியாமளா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். தன் குரலையும் அவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். தாங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது, வாடிக்கைக்காரர்கள் போலப் பேசிப் பார்க்கப் போகிறோம் என்பதுதான் அவள் கணக்கு.

சுராயா கண்ணாடியைக் கழற்றினாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"கொடை எடுத்துக்கினுதான் வந்தோம்."

"நல்லது செஞ்சீங்க மேடம். இன்னிக்கு வெயிலு மண்டையப் பொளக்குது."

சுராயா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். முனியம்மா இருப்பதால் தெரியாதவர் போல நடிக்கிறார் என்று அவள் நினைத்தாள். சியாமளாவுக்கு அது அப்போது தெரியாது. சுராயாவின் தைரியத்தை எண்ணி வியந்துகொண்டு நின்றாள்.

"நைனா, அந்த நூல் உருண்டைய இப்படித் தள்ளு" என்றாள் முனியம்மா. ஊரில் வயதில் மூத்த பெண்கள் எந்த இளைஞனையும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். சியாமளா அதைக் காதில் வாங்கியும் வாங்கவில்லை.

"மேடம் போட்டுகினு கீற புரூச் பர்மா வேலையா?" என்று கேட்டார் அவர். "இப்ப இது வர்றதில்ல. எங்கம்மா பொட்டியில இது மாதிரி ஒண்ணு கீது. விக்கறதுன்னா சொல்லுங்க, நான் வாங்கிக்கறேன்."

"வித்தா எங்க வூட்டு சாரு கோவிச்சுக்குவாரு."

"சாரு வரலியா?"

"இன்னும் வரல. இனிமேதான் வரணும்."

அவர் சிரித்தார். "வர்ற சாரு குடுத்து வெச்சவரு மேடம்."

சுராயா பக்கத்துத் தட்டின் மேல் குனிந்தாள். ஒரு சிப்பி கிளிப்பை எடுத்து நீட்டினாள். "பில்லு போட்டுக் குடுங்க. கீழ உங்க பேரையும் எழுதணும். படிச்சுக் காட்டணும்."

"பேரா? நைனா முகம்மதுன்னு போடறேன். இந்த ஊர்ல நைனான்னாதான் தெரியும்."

சியாமளா வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாடிப்படியும், வாயைப் பொத்திய கையும், அந்தச் சிரிப்பும் ஒன்றாக வந்து நின்றன. நிக்காஹ் ஆகிவிட்டால் சுராயா அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்ல மாட்டாள். ஆவதற்கு முன்னால் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அது தன் காதில் தேவசகாயமாக விழுந்திருக்கிறது. இந்த மனிதருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. 'வேற எதுனா சேதி உண்டா' என்று கேட்டவரிடம் 'ஒண்ணும் இல்லீங்க' என்று சொன்னது தான்தான்.

சுராயாவை வெளியே இழுத்துப் போக வேண்டும். இப்போதே. ஆனால் என்ன சொல்லி இழுப்பது, தான் நினைப்பது சரிதானா, தவறாக இருந்தால் எல்லாம் கெட்டுப்போகுமே என்று அவள் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சு ஓடிவிட்டது.

"உங்க வூட்டு லேடீஸ் யாரும் கடைப்பக்கம் வர மாட்டாங்களா?" என்று சுராயா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு இங்க இன்னா வேல? எனக்கும் கல்யாணந்தான் மேடம். செங்கல்பட்டுல பொண்ணு. புதன்கிழம நாள் குறிக்கறாங்க."

"பொண்ணு எப்படி?"

"நான் பாக்கலியே. அம்மா பாத்தாங்க. நல்ல பொண்ணுன்னாங்க. டைப்பு கிளாஸுக்குப் போவுதாம்."

"போவட்டுமே."

"போவட்டும், நாள் குறிக்கற வரிக்கும் போவட்டும். அப்புறம் எதுக்கு மேடம்? பஸ்ஸுல இடிபட்டு வெயில்ல அலையணும்னு அதுக்கு இன்னா தலையெழுத்து? நம்ம வூட்டுக்கு வந்துட்டா உள்ளாற ராணி மாதிரி உக்காந்துகினு இருக்கட்டும்."

"ஊரு சுத்தணும்னு ஆசப்பட்டா?"

"மெட்ராஸ் லேடீஸ் சுத்தலாம். உங்களுக்கு அழகாத்தான் கீது. நம்ம வூட்டுப் பொம்பளைங்க இந்த டிரெஸ்ஸப் போட்டுகினு பீச்சாண்ட நின்னா ஊரே சிரிக்கும். அதுக்கு முன்னாடி எங்கம்மா எதனா தூக்கி அடிப்பாங்க." அவர் நல்ல மனதோடுதான் சிரித்தார். முனியம்மாவும் கூடச் சிரித்தாள்.

சுராயா கிளிப்பை மெல்ல அதன் தட்டில் வைத்தாள்.

"வேணாம். வெச்சுக்கோங்க."

"இன்னா மேடம், வெல ஜாஸ்தியா? கொறச்சுக்கலாம்."

அவள் படியிறங்கிவிட்டாள். குடையை மடக்கியவள் மறுபடி விரிக்கவில்லை.

கடலோரப் பாறை ஒன்றின் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். தூரத்தில் உளிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சியாமளா இரண்டு ஐஸ் ஃப்ரூட் வாங்கி வந்தாள். அதற்கென்றே காலையில் நாஷ்டாவைக் குறைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சுராயா தன்னுடையதைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். அது சொட்டுச் சொட்டாக மணலில் இறங்கியது.

"'நான் பாக்கலியே'ன்னு என் மூஞ்சியப் பாத்துக்கினே சொன்னாங்க பாரு," என்றாள். "வெளையாட்டு மாதிரியே பதில் சொல்லிட்டாங்க. கொடை எடுத்துக்கினு வரச் சொல்லிட்டு, வந்தவள மேடம்னுட்டு, ராணி மாதிரி உள்ள உக்காருன்னுட்டாங்க. போதும்டி. அண்ணங்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

 பேசாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று சியாமளாவின் மனம் தன் போக்கில் அடுக்கிக்கொண்டே போனது. சுராயா வேண்டாம் என்பாள். வீட்டில் சண்டை வரும், அடங்கும். அடுத்த மாதமும் ஒரு ஞாயிறு வரும். தகரப் பெட்டி திறக்கும். ஜன்னலோர இடத்தில் இதே போல இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தன்னால் என்று யாருக்கும் தெரியாது. அவர் சொன்னதும் அவர் வாயிலிருந்து வந்ததுதானே, தான் அதில் ஒரு எழுத்தைக்கூடச் சேர்க்கவில்லையே. இத்தனை நியாயங்களும் இவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சுராயா, அவருக்குத் தெரியாது."

"எது?"

"நீ வர்றது. நான் சொல்லல."

"சொன்னேன்னியே."

"நைனா கையில சொன்னேன். எங்க நைனா கையில."

சுராயா திரும்பிப் பார்த்தாள். புரிய நேரமாயிற்று.

"அப்ப கொடை?"

"எங்க நைனா சொன்னது."

"அலைகிட்ட போவாதீங்கன்னது?"

"அதுவும்."

"வெளக்கு வெக்கறதுக்குள்ள?"

சியாமளா தலையை ஆட்டினாள்.

"காலையிலேர்ந்து உங்க நைனா பேச்சக் கேட்டுக்கினா நான் வெக்கப்பட்டுக்கினு இருந்தேன்?" சுராயாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த ஐஸ் குச்சியை மணலில் குத்தி நிறுத்தினாள். "என் வாயால அந்தப் பேரு ஒரு தடவதான்டி வந்துச்சு. அதக்கூட ஒழுங்காக் கேக்கத் தெரியல உனக்கு."



குத்திய குச்சியைப் பிடுங்கி மணலில் ஒரு கோடு இழுத்தாள். குரல் இப்போது வேறாக இருந்தது.

"அப்ப அது எனக்குச் சொன்னதில்ல. எவளோ ஒரு மேடம் கிட்ட சொன்னது."

"ஆமா."

"எங்க அண்ணன் கூடத்தான் கடையில வர்றவங்க முன்னாடி ஒரு மாதிரி பேசுவாரு, வூட்ல ஒரு மாதிரி இருப்பாரு. கடப் பேச்சு வூட்டுப் பேச்சாயிடுமா?"

"தெரியல."

"இல்ல, தெரியாதவங்க கிட்டதான் மனசுல கீறத பேசுவாங்களா?"

"தெரியல சுராயா."

"எதக் கேட்டாலும் தெரியல." அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "வா, போய்க் கேட்டுடலாம். நான்தான் அந்தப் பொண்ணு, இப்ப சொல்லுங்கன்னு கேக்கறேன்."

விறுவிறுவென்று நடந்தாள். சியாமளா பின்னால் ஓடினாள். கடைக்கு நாலைந்து கடை முன்னால் சுராயா சட்டென்று நின்றுவிட்டாள். கல்லாவின் பக்கத்தில், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய அம்மாள் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நைனா முகம்மது பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார். தை பிறந்ததும் செங்கல்பட்டுக்கு வந்து, சுராயாவின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுப் போன அம்மாள்.

சுராயா பைக்குள் கையை விட்டாள். துப்பட்டியை உதறி, தலையிலிருந்து கால்வரை போர்த்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். மாம்பழ நிறமும் பஃப் கையும் உள்ளே போய்விட்டன. கூட்டத்தில் அவளை எந்த வீட்டுப் பெண் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

திரும்பும் பஸ்ஸில் இரட்டைச் சீட்டு காலியாக இருந்தும், அவள் முன்னால் போய் ஒரு பூக்காரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சியாமளா பின்னாலிருந்து அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டு வரும்வரை அது ஒரு தடவையும் திரும்பவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பிரிய வேண்டிய இடத்தில்தான் சுராயா நின்றாள்.

"நான் மறுபடி போவ முடியாது. நீ போ. நாளைக்கே போ, புதன் வந்துடும்."

"போன்ல..."

"போன்ல வேணாம். போன்ல மொகம் தெரியாது. வந்தவ யாருன்னு சொல்லு. சொல்லிட்டு அவங்க மொகத்தப் பாரு. இன்னா சொல்றாங்களோ அத அப்படியே வந்து சொல்லு. எனக்கோசரம் நல்லதாவும் ஆக்காத, உனக்கோசரம் கெட்டதாவும் ஆக்காத."

பாறை நிழலில் தன் மனம் அடுக்கியது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று சியாமளா திடுக்கிட்டாள்.

"யாருகிட்ட சொல்லணும்? முழுப் பேரு சொல்லு பாப்போம்."

"நைனா முகம்மது."

"ம். இந்தத் தடவ வேற யாராண்டயாவது போயி நிக்காத." சொல்லிவிட்டுச் சுராயா சிரிக்காமல் போனாள்.

வீட்டில் தேவசகாயம் கட்டிலில் பேப்பரோடு இருந்தார். மகள் உள்ளே வந்ததும் பேப்பரைத் தாழ்த்தினார்.

"வந்துட்டியாம்மா? நேரத்துக்கே வந்துட்ட. கொடை எடுத்துக்கினு போனீங்களா?"

"போனோம் நைனா."

"மூஞ்சி இன்னா இப்படிக் கீது? வெயிலு அடிச்சுடுச்சா?"

"ஆமாம் நைனா."

அவர் எழுந்துபோய்ப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் அவள் டைரியை எடுத்திருந்தாள்.

இப்போது மறுபடி பேனாவைத் திறந்தாள். பஷீருதீனிடம் லீவு கேட்க வேண்டும். காய்ச்சல் என்று சொல்லலாம். நம்பிவிடுவார். நம்புவார் என்பதாலேயே அதைச் சொல்ல முடியாது போலிருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் சுராயாவுக்கு அடி விழும். எந்தப் பக்கம் போனாலும் யாருக்கோ தவறு செய்வதாகத்தான் முடிகிறது. அந்த மனிதர் கோபித்துக்கொண்டால்? அம்மாவிடம் சொல்லிவிட்டால்? இல்லை, சிரித்துக்கொண்டே 'வரட்டுமே, ஞாயித்துக்கிழமைதானே' என்று சொல்லிவிட்டால், அதை ஒரு சொல் குறையாமல் கொண்டுவந்து கொடுக்கத் தன்னால் முடியுமா? அப்படிக் கொடுத்தால், கல்யாணம் ஆன பிறகு ஜன்னலோரத்தில் சுராயாவின் பக்கத்தில் உட்காரப் போவது அவர்தான், தான் இல்லை. அதையும் யோசித்தாள். அதை எழுதவில்லை.

'சிறிய பிழைதான்' என்றதை அப்படியே விட்டாள். பக்கத்தின் அடியில் எழுதினாள்:

நாளைய வேலை: காலையில் கடை திறந்ததும் பஷீருதீனிடம் மத்தியானம் வரை லீவு கேட்க வேண்டும். என்னுடைய ஒரு தவறைச் சரிசெய்யப் போகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். அதன் பிறகு கிடைக்கும் முதல் பஸ்ஸில் மகாபலிபுரம் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தது சுராயா என்று நைனா முகம்மதுவிடம் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை அப்படியே கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும்.